சட்டம் கேளுங்கள்: ஊர்ப் பஞ்சாயத்துப் பத்திரம் விவாகரத்து ஆகுமா?

கேள்வி: எனக்குப் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு வருஷமாக மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். அவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பிரிந்துவிடலாம் என்பதில் இருவருக்கும் சம்மதம். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், பெரியவர்களை வைத்து நூறு ரூபாய்ப் பத்திரத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்று மாமனார் சொல்லி அனுப்புகிறார். எனக்குப் போட்ட 25 பவுனில் 18 பவுன், குறுவைச் செலவுக்கென்று மாமனார் பெயரில் சொசைட்டியில் அடகில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பெரியவர்கள் பேசி வைப்பதில் தப்பில்லை, நம் பக்கத்துக் குடும்பச் சண்டைகள் பலதும் அப்படித்தான் அடங்குகின்றன. ஆனால் நோட்டரி முத்திரையே விழுந்தாலும் அந்தப் பத்திரம் கல்யாணத்தை முறிக்காது. சில சமூகங்களில் தீர்த்துவிடும் பழைய வழக்கத்தை இந்து திருமணச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. அதற்கும் வழக்கம் உண்டென்று நிரூபிக்க வேண்டும். பத்திரத்தை நம்பி உங்களில் ஒருவர் மறுமணம் செய்தால் அது செல்லாது, கிரிமினல் வழக்கும் வரலாம்.

சண்டை போடாமல் முடிக்க சமரச மையம் இருக்கிறது. தஞ்சாவூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அங்கே பேசியதைப் பிறகு வழக்கில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. இதன் அருமை அந்த அறையில் உட்கார்ந்தால்தான் தெரியும். ‘நகை எங்களிடம்தான் இருக்கிறது’ என்று கோயில் வாசலில் ஊர் முன்னால் எந்த மாமனாரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்திய பிறகு ஒப்புக்கொண்டவர்கள் உண்டு.

எல்லாம் ஒப்பந்தம் எழுதும் விதத்தில் இருக்கிறது. ‘நகையைத் திருப்பித் தருவார்’ என்று மொட்டையாக எழுதினால் காற்றோடு போகும். ஆரம், நெக்லஸ், வளையல் என்று உருப்படி வாரியாக எடையோடு எழுதச் சொல்லுங்கள். அடகு யார் பெயரில், எந்தத் தேதிக்குள் மீட்பது, யார் கையில் கொடுப்பது என்பதும் வர வேண்டும். சம்பா அறுத்து, கொள்முதல் பணம் வந்ததும் மீட்கிறோம் என்பார்கள். சரி, மாசி என்றே வையுங்கள். ஆனால் அந்தத் தேதி நீங்கள் இரண்டாவது தடவை கோர்ட்டில் சம்மதம் சொல்வதற்கு முன்னால் வர வேண்டும்.

ஏனென்றால், ஒப்பந்தம் ஆன பிறகும் விவாகரத்தைக் கொடுப்பது கோர்ட்தான். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். ஓராண்டு பிரிந்திருந்தால் போதும். ஆறு மாதம் கழித்து மறுபடி சம்மதம் கேட்பார்கள். உங்களைப் போல நெடுநாள் பிரிந்திருந்து, பணம், நகை, குழந்தை எல்லாவற்றையும் பேசி முடித்தவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். உங்கள் பிடி அதுதான். மொத்தமாகப் பணம் தருவதாக இருந்தால், பாதி முதல் மனுவின்போது, மீதி டிடியாகக் கடைசி நாளில் என்று பிரித்து எழுதுங்கள். அவர் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

மகள் விஷயத்தில் மட்டும் கவனம். ‘எனக்கும் குழந்தைக்கும் இனி எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்ற வரி இந்த ஊர்ப் பத்திரங்களில் தவறாமல் இருக்கும். குழந்தையின் ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது, அது அவளுடைய உரிமை. மாதத் தொகை, பள்ளிக் கட்டணம், அவர் லீவில் வரும்போது மகளை எங்கே பார்ப்பது, எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

சமரச மையத்துக்குப் போகும்போது நகைக்கடை பில் இருந்தால் கொண்டுபோங்கள். அப்பா அதைத் தொலைத்திருந்தால் கல்யாண ஆல்பம்.