சிறுநீர்க் குழாயும் பையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறுநீர்ப்பைக்குள் நுழைத்து வைத்திருக்கும் நிரந்தரச் சிறுநீர்க் குழாய் (கேத்திட்டர்) பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழாயின் வகையையோ, அதன் அளவு எண்ணையோ, கடைசியாக மாற்றிய தேதியையோ குறிப்பிடவில்லை. இம்மூன்றும் உங்கள் கிளினிக் அட்டையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதினால் உங்களுக்கும் பயன், எனக்கும் ஊகிக்கும் வேலை மிச்சம்.

அப்பாவுக்கு முழு சிலிக்கன் குழாய் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதந்தோறும் மாற்றுகிறார்கள். இவருக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். யார் செய்வது சரி? (செந்தூல்)

இரண்டுமே சரி. லேடெக்ஸ் ரப்பர் குழாய்க்கு ஏறத்தாழ 4 வாரம், முழு சிலிக்கன் குழாய்க்கு அதிகபட்சம் 12 வாரம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஆறாவது வாரத்திலேயே அடைத்துக்கொள்கிற உடம்புக்குப் பன்னிரண்டு வாரக் கணக்கு பொருந்தாது. ஆகவே, அடைப்பு ஏற்பட்ட தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைத்து, இரண்டு மூன்று முறை பார்த்தபின், அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே மாற்றிவிடும்படி தாதியிடம் கேளுங்கள். அப்பா படுத்த படுக்கையாக இருந்தால், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் வீட்டுக்கே வந்து குழாய் மாற்றித் தரும் டொமிசிலியரி சேவையை விசாரியுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் "இக்குழாய் இன்னும் தேவைதானா?" என்று கேட்க மறவாதீர்கள். யாரும் கேட்காததாலேயே ஆண்டுக்கணக்கில் குழாயோடு இருப்பவர்கள் உண்டு.

குழாயின் பக்கவாட்டில் சிறுநீர் ஒழுகி உடையெல்லாம் நனைகிறது. இன்னும் பெரிய குழாய் போடச் சொல்லலாமா? (ஜெலுத்தோங்)

வேண்டாம். குழாயின் அளவு எண்ணை மூன்றால் வகுத்தால் அதன் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 16-ஆம் எண்ணிலிருந்து 20-க்குப் போனால் உறுத்தல் கூடி, சிறுநீர்ப்பை இன்னும் பலமாகச் சுருங்கி, ஒழுக்கும் கூடும். முதலில் குழாய் மடிந்திருக்கிறதா, தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, பை நிரம்பி வழிகிறதா, பை இடுப்புக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மலச்சிக்கலைக் கவனியுங்கள். இறுகிய குடல் குழாயை அமுக்கும். கோப்பி ஓ (கருங்காப்பி), தே தாரிக் (பால் தேநீர்) இரண்டும் சிறுநீர்ப்பையைத் தூண்டும், ஆகவே அவற்றைக் குறைத்துப் பாருங்கள். இவ்வளவுக்குப் பின்னும் நிற்காவிட்டால் மருத்துவரைக் காணுங்கள்; சுருக்கத்தைத் தணிக்க மருந்து உண்டு. பையில் இரண்டு மணி நேரமாக ஒன்றும் இறங்காமல், அடிவயிறு புடைத்து வலித்தால், அது அடைப்பு. விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தம்பி விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறார். சில நாட்களில் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டுகிறது. பனடோல் கொடுக்கிறோம். (கெப்போங்)

பனடோலை விடுங்கள். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி, சிறுநீர் வெளியேற வழியில்லாமல் போனால் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். மூளையில் இரத்தக்கசிவு வரைக்கும் அது போகலாம். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, குழாய் மடிந்திருந்தால் நேராக்குங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 999-ஐ அழையுங்கள். இதை அடுத்த சந்திப்பு நாள்வரை தள்ளிப் போடாமல் இவ்வாரமே அவருடைய மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அம்மாவின் பையும் குழாயும் ஊதா நிறமாகிவிட்டன. உறவினர்கள் செய்வினை என்கிறார்கள். (பிறை)

பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை. உணவிலுள்ள டிரிப்டோஃபன் என்ற பொருளைக் குடலிலுள்ள கிருமிகள் உடைக்கின்றன; கல்லீரல் வழியாக அது சிறுநீரை அடைந்ததும், அங்குள்ள வேறு சில கிருமிகள் அதை நீலச் சாயமாகவும் சிவப்புச் சாயமாகவும் மாற்றுகின்றன. இரண்டும் கலந்து பையின் பிளாஸ்டிக்கில் ஏறினால் ஊதா. மலச்சிக்கலுள்ள முதிய பெண்களிடம் இது அதிகம். மலச்சிக்கலைச் சரிசெய்து, குழாயையும் பையையும் மாற்றச் சொல்லுங்கள். கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. பப்பாளியையும் சேர்த்துக் கொடுங்கள்.

கணவரின் சிறுநீர் கலங்கலாக, நாற்றத்துடன் இருக்கிறது. பையிலிருந்து எடுத்துப் பரிசோதித்ததில் கிருமி இருக்கிறதாம். காய்ச்சல் இல்லை. இரண்டு முறை ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டும் மறுபடி வந்துவிட்டது. இதைவிட வலுவான மருந்து எது? (செராஸ்)

கடிதங்களில் பாதி இதே கேள்விதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கணவருக்கு, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வலுவான மருந்தும் தேவையில்லை, முதலில் கொடுத்த மருந்தும் தேவைப்பட்டிருக்காது.

குழாய் போட்ட நாளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்குச் சிறுநீரில் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் கடந்தால் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். அவை குழாயின் உட்சுவரில் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்கின்றன. மாத்திரை அப்படலத்தை ஊடுருவுவதில்லை. சிறுநீரில் மிதப்பவை சாகும், சுவரில் இருப்பவை மீண்டும் பெருகும். "மறுபடி வந்துவிட்டது" என்று நீங்கள் எழுதுவது இதைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் அம்மருந்துக்கு அடங்காத கிருமி மட்டும் எஞ்சுகிறது. பின்னொரு நாள் உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது, வாயால் சாப்பிடும் மருந்து எதுவும் கேட்காமல், வார்டில் படுத்து ஊசியாக ஏற்ற வேண்டியதாகிறது. நான் வேலை செய்த வார்டில் அப்படி வந்து படுத்தவர்களின் கைப்பையைத் திறந்து பார்த்தால், மூன்று நான்கு கிளினிக்குகளின் பாதி தின்ற மாத்திரை அட்டைகள் ரப்பர் வளையம் போட்டுப் பத்திரமாக இருக்கும்.

பையிலிருந்து எடுத்த சிறுநீரைப் பரிசோதிப்பதில் பொருளே இல்லை. பல மணி நேரம் நம் ஊர் வெப்பத்தில் தேங்கியதில் கிருமி இல்லாவிட்டால்தான் வியப்பு. பரிசோதனை தேவையானால், குழாயிலுள்ள மாதிரி எடுக்கும் துவாரத்திலிருந்தோ, புதிதாக மாற்றிய குழாயிலிருந்தோ எடுக்க வேண்டும்.

தவறு கிளினிக்கின்மீது மட்டும் இல்லை. ஆலோசனையும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் மலேசியாவில், மருந்துப் பொட்டலம் இல்லாமல் திரும்பினால் கொடுத்த காசு வீண் என்று நினைக்கிறோம், "ஒன்றும் கொடுக்கவில்லையே" என்று கவுண்டரில் நின்று கேட்கிறோம், மருத்துவரும் எழுதிவிடுகிறார்.

மருந்து தேவைப்படும் அடையாளங்கள் வேறு: 38 பாகைக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, வழக்கத்துக்கு மாறான குழப்பம் அல்லது சோர்வு. இவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்; குழாய் போட்டு ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தால் அதை மாற்றிவிட்டு மருந்தைத் தொடங்குவதே முறை. கருவுற்றிருப்பவர்களுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கும் விதி வேறு.

நாற்றத்துக்கு: நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர் குடிக்கச் சொல்லுங்கள் (இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக அளவு விதித்திருந்தால் அவ்வளவே). முதல் நாள் பெத்தாய் சம்பல் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள்; அந்த வாடைக்கு எந்த மருந்தும் இல்லை. ஜெரிங் கொட்டையை மட்டும் அறவே தவிர்க்கச் சொல்லுங்கள். அதன் படிகங்கள் சிறுநீர்ப் பாதையையே அடைத்துவிடக்கூடியவை.

தினமும் காலையில் பையைக் கழற்றி, டெட்டோலில் ஊறவைத்துக் கழுவி மாட்டுகிறேன். சரிதானே? (புக்கிட் மெர்தாஜாம்)

சரியில்லை, இதை எத்தனை முறைதான் எழுதுவது? குழாயும் பையும் சேரும் இடத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்குக் கதவைத் திறக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு முறை புதிய பை மாற்றும்போது மட்டும் அதைக் கழற்றுங்கள். மற்ற நேரங்களில், பை பாதிக்கு மேல் நிரம்பியதும், கையைக் கழுவி, கீழ்த்திறப்பு பாத்திரத்தில் படாமல் வடித்துவிட்டு, மீண்டும் கையைக் கழுவினால் போதும். இரவுப் பையைக் காலில் கட்டிய பையின் கீழ்த்திறப்பில் பொருத்த வேண்டும். காலில் கட்டியதைக் கழற்றக் கூடாது. குழாய் உடலுக்குள் நுழையுமிடத்துக்குச் சோப்பும் நீரும் போதும்; டெட்டோலும் பவுடரும் வேண்டாம். ஆண்கள் முன்தோலைப் பின்தள்ளிக் கழுவியபின் மறவாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பை தரையில் படக் கூடாது என்பதற்காகப் பலர் அதை ஒரு வாளிக்குள் தொங்கவிடுகிறார்கள். நல்ல யோசனைதான், அது வீடு துடைக்கிற வாளியாக இல்லாதவரை.

பார்லி தண்ணீர் குழாயிலுள்ள உப்புப் படிவைக் கரைக்குமா? (பிரிக்பீல்ட்ஸ்)

கரைக்காது. அதிலுள்ள தண்ணீர் நல்லது, சர்க்கரை கெட்டது.

அப்பா தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறியே தீருவேன் என்கிறார். குழாயுடன் ஏறலாமா? (ஆயர் ஈத்தாம்)

மருத்துவர் அவருடைய இதயத்துக்கும் முழங்காலுக்கும் சம்மதித்தால், குழாய் தடையில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் என்பதால், ஏறும்முன் பையைக் காலியாக்கிவிடுங்கள். அரை லிட்டர் பையை ஆடுசதையில் இரண்டு பட்டைகளால் கட்டி, இடையே ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு விடுங்கள். குழாயைத் தொடையில் தனியாகப் பிடிமானம் போட்டு ஒட்டி, முழங்காலை முழுதாக மடக்கினாலும் இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள். ஏறும்போது குழாய் இழுபட்டால்தான் இரத்தம் வரும். வேட்டிக்குள் வெளியே தெரியாது. தண்ணீர்ப் பந்தல்களில் தாராளமாகக் குடிக்கட்டும். இளைப்பாற உட்காரும்போது பையைக் கழற்றிப் பக்கத்துப் படியில் வைக்கக் கூடாது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. இதனால் தீட்டு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது குருக்களிடம் கேட்க வேண்டியது.

அடுத்த வாரம் குழாயை நிரந்தரமாக எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்பே கிளிப் போட்டு மூடி மூடித் திறந்து சிறுநீர்ப்பையைப் பழக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். (பட்டர்வொர்த்)

பெரும்பாலோருக்கு அதனால் பயனில்லை. மறந்து மூடிவிட்டால் தொல்லை. மருத்துவர் சொல்லாமல் கிளிப் போடாதீர்கள். குழாயை உள்ளே பிடித்து வைத்திருக்கும் சிறு பலூனில் இருக்கும் 10 மில்லிலிட்டர் நீரை ஊசிக்குழலால் எடுத்தபின்தான் குழாய் வெளியே வரும். அவசரப்பட்டு வீட்டில் கத்தரிக்கவும் வேண்டாம். காலை நேரத்தில் எடுக்கும்படி கேளுங்கள். மாலைக்குள் சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் திரும்பிச் செல்லக் கிளினிக் திறந்திருக்கும்.