வீட்டில் வார்க்கும் வில் பட்டை: கேள்வி பதில்

டர்பனில் சர்ஃப் பலகைகளுக்கு ஃபைபர்கிளாஸ் போடுவது என் தொழில். பதினான்கு வருடமாக ஓய்வு நேரத்தில் வில்லும் செய்கிறேன். வில்லின் முதுகிலும் வயிற்றிலும் ஒட்டுகிற ஃபைபர்கிளாஸ் பட்டையை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தேன். தென்னாப்பிரிக்க ரேண்டின் மதிப்பு இறங்க இறங்க அது கட்டுப்படியாகவில்லை. அதனால் பட்டையை நானே வார்க்கத் தொடங்கினேன். எய்பவரின் முகத்தைப் பார்க்கிற பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கிற பக்கம் முதுகு. இது தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த் தம்பி: அண்ணா, கடையில் கிடைக்கும் ஃபைபர்கிளாஸ் துணியை எபாக்ஸிப் பிசினில் நனைத்து நான்கு அடுக்கு போட்டால் பட்டை ஆகிவிடாதா?

பட்டை ஆகும் தம்பி, வில் பட்டை ஆகாது. நெய்த துணியில் பாதி இழை குறுக்கே ஓடுகிறது. வில் வளையும்போது வேலை செய்வது நீளவாட்டில் ஓடும் இழை மட்டும்தான். குறுக்கு இழை வெறும் சுமை. போதாததற்கு, நெசவில் ஒவ்வொரு இழையும் மேலும் கீழுமாக அலைபோலப் போகிறது. இழுத்தால் முதலில் அந்த அலை நிமிரும், அழுத்தினால் இன்னும் மடங்கும். நமக்கு வேண்டியது ஒரே திசையில் நேராக ஓடும் இழை. அதற்கு ரோவிங் வாங்குங்கள், பெரிய நூல்கண்டு மாதிரி இருக்கும். வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். எபாக்ஸிக்குப் பொருந்துகிற ரோவிங்கா என்பது ஒன்று. தெளிப்புத் துப்பாக்கியில் வெட்டித் தெளிக்கிற ரகம் இல்லைதானே என்பது மற்றொன்று. அந்த ரகம் பிரிந்து போவதற்கென்றே செய்தது, இழுத்துக் கட்டினால் பஞ்சாகும்.

எத்தனை இழை என்று கணக்குப் போட்டுவிடலாம். ரோவிங்கின் மேல் 2400 டெக்ஸ் என்று எழுதியிருந்தால் ஒரு கிலோமீட்டர் 2400 கிராம், அதாவது ஒரு மீட்டர் 2.4 கிராம். கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.55. ஆக ஓர் இழையின் குறுக்குப் பரப்பு 0.94 சதுர மி.மீ. நமக்கு 40 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் பட்டை வேண்டும். பரப்பு 40 சதுர மி.மீ. அதில் 60 சதவீதம் கண்ணாடியாக இருக்க வேண்டுமென்றால் 24. அதை 0.94 ஆல் வகுத்தால் 26 இழை வரும்.

இரண்டு மீட்டர் நீளப் பலகையின் இரு முனையிலும் ஒரு தடித்த முளை அடித்து, ரோவிங்கைப் போகவர 13 சுற்று சுற்றினால் 26 இழை கிடைத்துவிடும். ஒரு முளையைத் திருகாணியால் பின்னுக்கு இழுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் நிற்க வேண்டும். விரலால் மீட்டிப் பாருங்கள், தொய்வான இழை உடனே கைக்குத் தெரியும். அடியில் 10 மி.மீ. தடிமன் ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று, மூன்று தடவை மெழுகு தேய்த்தது. அதன்மேல் எபாக்ஸியைப் பூசி, இழைகளை அதில் இறக்கி, மேலேயும் பூசுங்கள். பால் வெள்ளையாக இருந்த இழை நனைய நனைய மெல்லத் தெளிந்து, அடியிலிருக்கும் மேஜை தெரிய ஆரம்பிக்கும். எங்காவது வெள்ளைக் கோடு மிஞ்சினால் அங்கே காற்று நிற்கிறது. பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து முனையை நோக்கி, இழை போகிற திசையிலேயே வழியுங்கள். குறுக்கே வழித்தால் இழை வளைந்துவிடும், அந்த இடத்தில் பட்டை பலவீனம்.

பிறகு பீல் பிளை துணியை (இறுகிய பிறகு உரித்து எடுத்துவிடுகிற துணி) விரித்து, இரண்டு ஓரத்திலும் 1 மி.மீ. தகடு வைத்து, மேலே இன்னொரு மெழுகிட்ட கண்ணாடியை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். மிச்ச எபாக்ஸி பக்கவாட்டில் வழிந்து வெளியேறும். அப்படி வெளியேறுவதுதான் நல்லது. எபாக்ஸி அதிகமாக இருந்தால் பலம் அதிகம் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி 60 சதவீதம் இருந்தால் பட்டையின் விறைப்பு சுமார் 44 கிகாபாஸ்கல், 40 சதவீதம்தான் என்றால் 31.

சரிபார்க்க: பட்டையை மேஜை ஓரத்தில் 15 செ.மீ. நீட்டி இறுக்கி, நுனியில் 200 கிராம் தொங்கவிடுங்கள். எடை வைப்பதற்கு முன்னும் பின்னும் உயரத்தை அளந்தால் வித்தியாசம் 15 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 21 வந்தால் எபாக்ஸி மிஞ்சியிருக்கிறது.

கையுறை நைட்ரில், முகமூடி கட்டாயம். எபாக்ஸியையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் தராசில் அளந்து கலங்கள், கண்ணளவில் வேண்டாம்.

பீனிக்ஸ் தம்பி: எபாக்ஸி மெதுவாக இறுகுகிறது. ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டினால் வேகமாகுமா?

ஆகாது. கூட்டிய ஹார்டனர் சேர்மானம் கிடைக்காமல் உள்ளேயே நிற்கும், பட்டை கடைசிவரை ரப்பர் மாதிரி இருக்கும். பாலியெஸ்டர் பிசினில் வினையூக்கியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸி வேறு சாதி: டப்பாவில் போட்ட விகிதம், எடையில், 0.1 கிராம் காட்டும் தராசில். வேகம் வேண்டுமென்றால் வேகமான ஹார்டனர் வாங்குங்கள். கலந்ததைக் கோப்பையிலேயே விட்டு வைக்காதீர்கள். 300 கிராம் ஒரே கோப்பையில் இருந்தால் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் சகோதரி: எபாக்ஸி நன்றாக இறுகுவதற்காகச் சூட்டுப் பெட்டியில் வில்லை வைத்திருக்கும்போது லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால் எல்லாம் வீணா?

வீணில்லை சகோதரி. கிளாம்பை மட்டும் கழற்றாதீர்கள். மின்சாரம் வந்ததும் மறுபடி மெல்லச் சூடேற்றுங்கள். பெட்டிக்கு உள்பக்கம் பழைய கீசர் போர்வையைச் சுற்றினால் இரண்டு மணி நேர வெட்டைத் தாங்கும். ஆனால் சூட்டைத் தவிர்க்க வேண்டாம். சாதாரண வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸி பலவும் 50, 60 டிகிரியில் இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அவ்வளவு சூடு வந்துவிடும். 70 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் அந்தப் பயம் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா: என் பட்டை அழகாக வந்தது. மரத்தில் ஒட்டி நாண் ஏற்றிய மூன்றாம் நாள், முழுசாக உரிந்து கையில் வந்துவிட்டது. ஏன்?

ஐயா, பட்டையின் மேல் மெழுகுபோல வழவழவென்று ஒரு படலம் இருந்ததா? இருந்திருக்கும். ஹார்டனரிலுள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே படியும். இந்தக் கடற்கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை அது வராத நாள் குறைவு, உங்கள் ஊர் பனிமூட்டத்திலும் வரும். அசிட்டோனால் துடைத்தால் போகாது, பரப்பி மட்டும் விடும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். முதலில் கழுவி, காயவிட்டு, அப்புறம் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் படலத்தையே உள்ளே தேய்த்துவிடுவீர்கள். கடைசியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரே தாளாகப் படர்ந்தால் ஒட்டலாம். முத்து முத்தாக நின்றால் வார்த்த கண்ணாடியின் மெழுகு இன்னும் இருக்கிறது.

என் முதல் இரண்டு வில்லும் இப்படித்தான் உரிந்தன. இரண்டாவது முழு இழுப்பில் உரிந்து என் புருவத்துக்கு மேலே கிழித்தது. அதனால் சொல்கிறேன், புதிய வில்லை முதல் தடவை கையால் இழுக்காதீர்கள். சுவரில் மாட்டி, கயிறும் கப்பியும் வைத்து, தள்ளி ஒதுங்கி நின்று இழுங்கள்.

சாட்ஸ்வொர்த் அம்மா: என் மகனுக்கு 13 வயது. அவனும் செய்யலாமா?

மூங்கில் சீவலாம், வடிவம் வரையலாம், நாண் முறுக்கலாம் அம்மா. எபாக்ஸியும் கண்ணாடித் தூளும் அவனுக்கு வேண்டாம். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. என்னோடு வேலை செய்த ஒருவர் கையுறை போடாமல் பழகி, நாற்பது வயதில் இந்தத் தொழிலையே விட வேண்டியதாயிற்று.

ரிச்சர்ட்ஸ் பே ஐயா: முப்பது வருடமாகப் படகு கட்டுகிறேன். பாலியெஸ்டர், மேட் (வெட்டிய இழை விரிப்பு), நெய்த துணி, இவ்வளவுதான். கடலையே தாங்குகிறது, ஒரு வில்லைத் தாங்காதா? எபாக்ஸி, ரோவிங் என்று பிள்ளைகளை வீண் செலவு செய்ய வைக்கிறீர்கள்.

ஐயா, உங்கள் அனுபவத்துக்குக் கும்பிடு. ஆனால் படகும் வில்லும் எதிரெதிர் வேலை செய்கின்றன. படகு வளையக் கூடாது, அதற்காகத் தடிமன் வைக்கிறீர்கள். வில் வளைவதற்கென்றே இருக்கிறது. 12 மி.மீ. தடிமன் வில் 60 செ.மீ. ஆரத்தில் வளைகிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து வெளித்தோல்வரை 6 மி.மீ. அதை 600 ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஒன்று. முதுகு அவ்வளவு நீள்கிறது, வயிறு அவ்வளவு சுருங்குகிறது, ஒவ்வொரு அம்புக்கும். உங்கள் படகின் ஓடு அதன் பக்கத்தில்கூடப் போகாதபடிதான் நீங்கள் கட்டுகிறீர்கள். நெய்த துணியில் குறுக்கு இழையைச் சுற்றியுள்ள பிசின் அதற்கு வெகு முன்பே, நூற்றுக்கு அரைகூட எட்டாதபோதே, மயிரிழை மயிரிழையாக வெடிக்க ஆரம்பிக்கும்.

அதே ஐயா: அது ஏட்டுக் கணக்கு. நான் பார்த்த வெடிப்பெல்லாம் பாறையில் மோதியதுதான்.

மயிரிழை வெடிப்பு படகில் கண்ணுக்குத் தெரியாது ஐயா, ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு மூடிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. பாலியெஸ்டர் இறுகும்போது 5 முதல் 8 சதவீதம் சுருங்குகிறது, மரத்தோடு பிடிப்பும் குறைவு. படகில் கண்ணாடி கண்ணாடியோடு ஒட்டுகிறது, அதனால் பாலியெஸ்டர் போதும். வில்லில் கண்ணாடி மரத்தோடு ஒட்டி, ஆயிரம் ஆயிரம் தடவை வளைய வேண்டும்.

வார்த்தையை விடுவோம், ஒரு சோதனை செய்வோம். கழிவுநீருக்குப் போடும் 110 மி.மீ. பிளாஸ்டிக் பைப் எல்லாரிடமும் இருக்கும். 1 மி.மீ. பட்டையை அதைச் சுற்றிக் கட்டினால் வெளித்தோல் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்று நீளும், வில்லில் நீளும் அதே அளவு. 30 செ.மீ. நீளத்தில் நீங்கள் துணியும் பாலியெஸ்டரும் போட்டு ஒன்று செய்யுங்கள், என் பட்டை ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன். இரண்டையும் இரவு முழுக்கக் கட்டி வையுங்கள்.

வெருலம் தம்பி: அண்ணா, ஃபைபர்கிளாஸ் துணியில் நான்கு அடுக்கு போட்டால் போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி.

டோங்காட் தம்பி: நெய்த துணிதான் என்னிடம் இருக்கிறது. எபாக்ஸியில் போட்டால்?

இதே கேள்விக்கு மூன்றாவது தடவை பதில் சொல்கிறேன். துணி வேண்டாம். எந்தப் பிசினில் போட்டாலும் வேண்டாம்.

பெயர் சொல்லாத ஒருவர்: கார்பன் இழை?

விலை, உடைகிற விதம், கணக்கு எல்லாமே வேறு. நான் செய்ததில்லை, செய்தவரிடம் கேளுங்கள்.

லேடிஸ்மித் தம்பி: இந்த வில்லால் வேட்டைக்குப் போக அனுமதி எப்படி வாங்குவது?

குவாசுலு-நட்டாலில் எசெம்வேலோ வனத்துறையிடம் கேளுங்கள். நான் இலக்குக்கு மட்டுமே எய்கிறேன்.

மவுண்ட் எட்ஜ்கோம் ஐயா: எங்கள் தெருக்கூத்துக்கு அர்ச்சுனன் வில் வேண்டும். ஃபைபர்கிளாஸில் செய்து தருவீர்களா?

கூத்து மேடைக்கு உண்மை வில் கூடாது ஐயா. அடவு வேகத்தில் நாணை வெறுமனே இழுத்து விட்டுவிடுவார்கள். அம்பில்லாமல் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்கே திரும்பும், வில்லின் கை உடைந்து தெறிக்கும். பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பிரம்பை வளைத்து, தளர்வான கயிறு கட்டி, ஜிகினாத் தாள் ஒட்டுங்கள். அதை நானே வந்து கட்டித் தருகிறேன், காசு வேண்டாம். பாரதக் கூத்து இங்கே இன்னும் நடக்கிறதே, அதுவே எனக்குப் போதும்.

நியூகாசில் தம்பி: உள்ளே வைக்க எந்த மரம்? எங்கள் மாமாவிடம் தம்போட்டிப் பலகை இருக்கிறது.

தம்போட்டியைத் தொடாதீர்கள். பால் விஷம், தூள் கண்ணை எரிக்கும், எண்ணெய் இருப்பதால் பசையும் பிடிக்காது. தரைக்குப் போடும் மூங்கில் பலகையை வாங்கிக் கீற்றாக அறுங்கள். நான் வருடக்கணக்கில் அதைத்தான் போடுகிறேன். தடிமனில் மட்டும் கவனம். விறைப்பு தடிமனின் முப்படியாக ஏறுகிறது. பத்தில் ஒரு பங்கு தடித்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கண்ணாடி ஒட்டிய பிறகு தடிமனைச் சீவ முடியாது, அகலத்தை மட்டும்தான் குறைக்கலாம்.

ரிச்சர்ட்ஸ் பே ஐயா: சோதனை செய்தேன். என் பட்டையில் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது. அவிழ்த்த பிறகும் நடுவில் 17 மி.மீ. வளைந்தே நிற்கிறது. நீங்கள் அனுப்பியது 2 மி.மீ. தான். சரி, ஒத்துக்கொள்கிறேன். என் பேரனுக்கு ஒரு வில் செய்யப் போகிறேன். 50 மி.மீ. அகலப் பட்டைக்கு எத்தனை இழை?

மிக்க நன்றி ஐயா. இரண்டு பட்டையையும் பத்திரமாக வையுங்கள், அடுத்துக் கேட்பவருக்குக் காட்டலாம். 50 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் என்றால் கண்ணாடி 30 சதுர மி.மீ. வேண்டும். 2400 டெக்ஸ் ரோவிங்கில் 32 இழை, முளையில் 16 சுற்று. உங்களிடம் படகுக்கு வாங்கிய ரோவிங் இருந்தால் அதை எடுக்காதீர்கள், அது தெளிக்கிற ரகமாக இருக்கும். என்னிடம் பாதிக் கண்டு மிச்சம் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன். தராசையும் எடுத்துவருகிறேன். நீங்கள் கையுறை வாங்கி வைத்திருங்கள்.