தரவுப் பொறியியலில் அப்ரண்டிஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேலூரில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்து, இந்த ஆண்டு தேர்ச்சி பெற்றேன். சென்னை நிறுவனம் ஒன்று, தரவுப் பொறியியல் பிரிவில் என்னை ஓராண்டுக்கு அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. அப்பாவோ, "அப்ரண்டிஸ் என்றால் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் ராணிப்பேட்டை பெல் ஆலைக்குப் போவதுதானே, பட்டம் வாங்கியவளுக்கு அது எதற்கு?" என்கிறார். உள்ளூர்ப் பயிற்சி நிலையம் ஒன்று, 60,000 ரூபாய் கட்டினால் நான்கு மாதத்தில் படிப்பும் வேலையும் உறுதி என்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி ஒருவர், குடியாத்தம்

பதில்: உங்கள் அப்பா சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் ஃபிட்டர், டர்னர், வெல்டர் போன்ற பட்டறைத் தொழில்களை மனத்தில் கொண்டே இயற்றப்பட்டது. பிறகு 1973-இல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும், 2014-இல் பிற பட்டதாரிகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டனர். ஆகவே பி.எஸ்சி. படித்த நீங்கள் அப்ரண்டிஸாகச் சேர்வதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

ஆனால் ஒன்றை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பேச்சுக்கு அப்ரண்டிஸ் என்பது வேறு, சட்டப்படி பதிவான பழகுநர் ஒப்பந்தம் வேறு. பட்டதாரிகளுக்கான ஒப்பந்தம் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'நாட்ஸ்' (NATS) என்ற பழகுநர் பயிற்சித் திட்டத் தளத்தில் பதிவாக வேண்டும். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரிய அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தன. நீங்கள் கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ள தொகை எவ்வளவு என்பதைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். குறைந்தபட்சத் தொகையில் பாதியை இத்திட்டத்தின்கீழ் அரசு ஏற்பதால், பதிவு செய்வதில் நிறுவனத்துக்கும் ஆதாயம் உண்டு; அப்படியிருந்தும் பதிவைத் தட்டிக்கழித்தால் சந்தேகப்படுங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் அப்பாவிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. ஒப்பந்தத்தில் அப்படியொரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அதைக் கேட்க முடியும்.

பயிற்சி நிலையத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. "வேலை உறுதி" என்பதை முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்க உதவும் எஸ்க்யூஎல் (SQL), நிரல் எழுதும் மொழியான பைத்தான் இரண்டையும் வீட்டிலிருந்தே கற்கலாம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

இனி வேலைக்கு வருவோம். தரவுப் பொறியாளர் என்றதும் பலர் ஸ்பார்க், காஃப்கா, ஏர்ஃப்ளோ என்று கருவிகளின் பெயர்களை அடுக்குவார்கள். அன்றாடத்தில் அவருடைய வேலை, பல இடங்களில் கிடக்கும் தரவை எடுத்து, சீராக்கி, கணக்குப் பார்ப்பவர்கள் நம்பும்படி ஓரிடத்தில் சேர்ப்பதுதான். இது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. குடியாத்தத்தை ஆங்கிலத்தில் ஒரு 'டி' போட்டு எழுதுவோர் உண்டு, இரண்டு 'டி' போடுவோர் உண்டு, நடுவே 'எச்' சேர்ப்போரும் உண்டு. கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஊர்கள். மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் சுவாரஸ்யம். 1989-இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூரில் ஒரு காலணி வியாபாரியின் முகவரி பழைய பதிவில் வேலூர் மாவட்டம், புதிய பதிவில் திருப்பத்தூர் மாவட்டம். பழையதை அழித்துப் புதியதை எழுதிவிட்டால், வேலூரின் பழைய ஆண்டு விற்பனைத் தொகை அறிக்கையில் திடீரென்று சரியும். மேலாளர் காரணம் கேட்பார். அழிக்காமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த மாவட்டம் என்று இரண்டு தேதிகளையும் சேர்த்து வைப்பதே முறை. அஞ்சல் குறியீட்டைக் கொண்டு சமாளித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் 632 என்று தொடங்கும் குறியீடு வேலூருக்கும் உண்டு, ராணிப்பேட்டை மாவட்டத்து ஆற்காட்டுக்கும் உண்டு, திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்கும் உண்டு. இந்தச் சிக்கலை நீங்களே ஒரு சிறு அட்டவணையாக்கி எஸ்க்யூஎல்லில் தீர்த்து வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போங்கள். எந்தச் சான்றிதழையும்விட அதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் கேட்பார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடித் தரவைச் சேர்க்க வேண்டிய ஒரு நிரல் பாதியில் நின்றுவிட, காலையில் பதற்றத்தில் அதை மறுபடி ஓட விட்டேன். முதல் முறையிலேயே பாதி வரிசைகள் உள்ளே போயிருந்தன. அன்றைய விற்பனை ஒன்றரை மடங்காகக் காட்டியது. மதியம் வரை அனைவரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வரும்படி எழுத வேண்டும் என்ற பாடத்தை அந்த மாலையில் என் மூத்தவர் அருகில் உட்கார்ந்து வரி வரியாகக் காட்டினார். அப்ரண்டிஸ் ஆண்டில் கிடைக்க வேண்டியது இதுதான். ஆகவே நிறுவனத்திடம் உதவித்தொகையை மட்டும் கேட்காமல், நான் எழுதுவதை யார் படித்துத் திருத்துவார், இப்படி நின்றுபோகும் நிரல்களைக் கவனிக்கும் முறைப்பணியில் என்னையும் சேர்ப்பீர்களா, எத்தனையாவது மாதத்தில் உண்மையான தரவைத் தொட விடுவீர்கள் என்றெல்லாம் கேளுங்கள். ஆண்டு முழுவதும் எக்செல் தாளில் எண்களைத் தட்டச்சு செய்யத்தான் ஆள் தேவை என்று பதிலில் தெரிந்தால் விட்டுவிடலாம். பதில்கள் திருப்தியாக இருந்தால் சேருங்கள்.

காட்பாடியிலிருந்து சென்னை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சீசன் டிக்கெட் எடுத்து நாள்தோறும் போய்வருவோர் நம் பக்கத்தில் ஏராளம் என்றாலும், குடியாத்தத்திலிருந்து கிளம்பும் உங்களுக்கு முதல் ஆறு மாதமாவது சென்னையில் விடுதியில் தங்குவதையே பரிந்துரைப்பேன். உதவித்தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். வீட்டிலிருந்து கொஞ்சம் உதவி தேவைப்படலாம் என்பதைக் கூச்சமின்றிச் சொல்லிவிடுங்கள். அந்த உதவி ஓராண்டு முழுவதற்கும் சேர்த்தும் 60,000 ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

கேள்வி: தோல் நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாகக் கணக்கராக இருக்கிறேன், பி.காம். பட்டதாரி. நானும் இதுபோல் அப்ரண்டிஸாகச் சேர்ந்து தரவுப் பொறியியலுக்கு மாறலாமா?
– வாசகர் ஒருவர், வாணியம்பாடி

பதில்: அந்த வழி உங்களுக்கு இல்லை. பட்டம் பெற்றபின் ஓராண்டோ அதற்கு மேலோ பணி அனுபவம் உள்ளவர்கள் நாட்ஸ் திட்டத்தில் சேர முடியாது. நீங்கள் இருக்கும் இடத்திலேயே தொடங்குங்கள். டாலி கணக்கு மென்பொருளில் இருக்கும் விற்பனைப் பதிவும் கிடங்கின் இருப்புப் பதிவும் ஒவ்வொரு மாதமும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கையால் சரிபார்ப்பதற்குப் பதில் ஒரு பைத்தான் நிரலால் சரிபார்க்க முயலுங்கள். பற்றும் வரவும் சமமாக வேண்டும் என்ற பழக்கம் கையோடு இருப்பவருக்கு இத்தொழிலில் நல்ல மதிப்பு உண்டு. நிரல் எழுதத் தெரிந்த பலரிடம் அது இருப்பதில்லை.