வீடியோ எடுக்க 1080பி-யா, 4கே-யா? எத்தனை எஃப்பிஎஸ்?

ரெசல்யூஷன் என்பது ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள். ஃபிரேம் ரேட் என்பது நொடிக்கு எத்தனை படங்கள்; அந்த எண்ணிக்கைதான் எஃப்பிஎஸ். புள்ளிக் கோலம் மாதிரிதான்: அதே வாசலில் புள்ளி கூடினால் நுணுக்கம் கூடும், மாவும் கூடச் செலவாகும். 1080பி-யில் 1920×1080 புள்ளிகள். 4கே-யில் அதைப்போல் நான்கு மடங்கு. போனில் மட்டும் பார்க்கப்போகும் வீடியோவுக்கு 1080பி தாராளம். பிறகு வெட்டி நெருக்கிக் காட்ட வேண்டுமானால் 4கே.

ஃபிரேம் ரேட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான டியூப்லைட்டும் எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்தில் 30 எஃப்பிஎஸ், 1/60 ஷட்டரில் (அதாவது ஒவ்வொரு படத்துக்கும் 1/60 நொடி ஒளி) எடுத்தால் பட்டை பட்டையாக ஓடும். 25 எஃப்பிஎஸ், 1/50 ஷட்டர் வையுங்கள். போனில் 25 இல்லையா? 30-லேயே ஷட்டரை மட்டும் 1/50 ஆக்கினாலும் பட்டை அடங்கும்.

மெரினாவில் பந்து விளையாடுவதை ஸ்லோமோஷனில் காட்ட 50 அல்லது 60 வேண்டும். ஆனால் மே மாத வெயிலில் 4கே 60 வைத்தால் போன் சூடாகிப் பதிவு நின்றுவிடலாம். இருட்டிலும் 60 வேண்டாம்: ஒரு படத்துக்கு அதிகபட்சம் 1/60 நொடி ஒளிதான் கிடைக்கும், நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) ஏறும்.

30-ல் எடுத்ததை எடிட்டிங்கில் 60 ஆக்கினால் அசல் 60 கிடைத்துவிடாது. கேமரா பார்க்காத படங்களை மென்பொருள் நகலெடுத்தோ ஊகித்தோதான் நிரப்பும்.