பேட்டரி உப்பிய போனைத் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: என் போனுக்கு மூன்று வயது. சார்ஜ் அரை நாள்கூட நிற்பதில்லை. பின்பக்க மூடியும் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது. கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால் புதுசு எதற்கு? பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். ஆனால் இந்த நிமிடத்திலிருந்து சார்ஜ் போடாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனத் திரவம் சிதைந்து வாயு சேர்ந்ததால்தான் பேட்டரி உப்பி மூடியைத் தள்ளுகிறது. மூடியை அழுத்திப் பொருத்தப் பார்ப்பது ஆபத்து. பேட்டரிக்குள் இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிழிந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவே கூடாது. போனை அணைத்து, மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதிய பேட்டரியில் மாடல் எண்ணும் வோல்ட்டேஜும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். 4.4 வோல்ட் வரை ஏறும் போனில் 4.2 வோல்ட் பேட்டரியைப் போட்டால் ஓவர்சார்ஜ் ஆகும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அதே அளவுப் பேட்டரியில் இரண்டு மடங்கு எம்ஏஎச் (சார்ஜ் கொள்ளளவு) அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். பேட்டரிக்கு அடியிலுள்ள பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் சில துளி விட்டு இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் கிளப்புகிறாரா என்று கவனியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் நாலைந்து பழைய போன்கள் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடையில் போடலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். அங்கே போகும் போர்டுகள் கைமாறிக் கைமாறி ஆசிட் தொட்டிக்குப் போய்விடும் அபாயம் உண்டு. போர்டிலுள்ள துளித் தங்கத்தைப் பிரித்தெடுப்பதற்காக ஈயமும் ஆசிட்டும் மண்ணில் இறங்கும்.

வேலை செய்யும் போனை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். முதலில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்து கொடுத்தால், வாங்குபவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம். அப்படிப் பூட்டிக்கொண்டால் நல்ல போன்கூட உதிரிபாகத்துக்குத்தான் உதவும். கொடுக்கும்வரை பாதிச் சார்ஜில், மலைப்பனியின் ஈரம் புகாதபடி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டால் சார்ஜிங் பின்னில் பச்சை நிறத்தில் துரு பூக்கும்.

செத்த போனிலும் டிஸ்ப்ளே, கேமரா, ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் சர்வீஸ் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மிச்சத்தை, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள இ-கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். சேலத்துக்கு இறங்கும்போது, உங்கள் போனைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய போனை வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள்.