கள்ளிச் செடிக்கு ஐப்பசிதான் எமன்

கேள்வி: காட்பாடி பக்கம் புது வீடு கட்டியிருக்கிறோம். வாசலில் கால் கிரவுண்டு இடம் வெறுமனே கிடக்கிறது. போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. இருவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு வயதுக் குழந்தை வேறு. கள்ளி, அகேவ் (கற்றாழை மாதிரிச் செடி), அடீனியம் (பாலைவன ரோஜா), வெள்ளைக் கூழாங்கல் எல்லாம் வைத்து 'பாலைவனத் தோட்டம்' போட 35,000 ரூபாய் கேட்கிறார் ஒரு நர்சரிக்காரர். "வேலூர் வெயிலுக்கு இதுதான் தாங்கும், பராமரிப்பே வேண்டாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். வெயிலைப் பற்றி அவர் சொன்னது சரி, மழையைத்தான் மறந்துவிட்டார்.

'நீரில்லா ஆறு, மரமில்லா மலை' என்று சொல்லிச் சொல்லியே நம் ஊரைப் பாலைவனம் என்று நினைத்துவிட்டோம். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்கிற இடம்தான் பாலைவனம். வேலூரில் சராசரியாக 900 மில்லிமீட்டருக்குக் குறையாது. அதில் பெரும்பகுதி ஆடியிலிருந்து கார்த்திகைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அக்னி நட்சத்திரத்தை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும் கள்ளி, ஐப்பசி அடைமழையில் நாலு நாள் தண்ணீர் தேங்கினால் அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். அதனால் அந்த 35,000-ஐக் கையிலேயே வைத்திருங்கள்.

அகேவ் இலை நுனி ஊசி மாதிரி இருக்கும், அதுவும் உங்கள் குழந்தையின் கண் உயரத்தில். வெள்ளைக் கல் முதல் மாதம் அழகு. அப்புறம் புழுதியும் சருகும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கல் பொறுக்க வேண்டிவரும்.

என்னைக் கேட்டால் முதல் இடம் காகிதப்பூவுக்குத்தான். பிரேசில் பக்கத்துச் செடி என்றாலும் வேலூருக்கென்றே பிறந்தது போல வளரும், ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். நாம் பூ என்று நினைக்கும் வண்ணம் உண்மையில் இலைதான். நடுவில் குச்சி மாதிரி நிற்கும் சின்ன வெள்ளைப் பூவே நிஜப் பூ. தினமும் தண்ணீர் ஊற்றினால் பச்சை இலையாகத் தள்ளும், காயவிட்டால்தான் பூத்துக் குலுங்கும். வாங்கும்போது வேண்டிய நிறத்தைப் பூவோடு பார்த்தே எடுங்கள். வேர் சட்டென்று அறுந்துவிடும், அதனால் பையைப் பிளேடால் கீறி, மண் உதிராமல் குழியில் இறக்குங்கள். முள் உண்டு, ஆகவே இடம் மதிலோரம்.

அடுத்தது ஆவாரை. நர்சரியில் அபூர்வம், ஆனால் ஊருக்கு வெளியே சாலையோரம் காய்ந்த நெற்றாகவே கிடைக்கும். விதையை வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் முளைக்கும். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை வைத்துத்தான் இந்தப் பக்கத்தில் தோல் பதனிட்டார்கள். இந்த மண்ணுக்குச் சொந்தக்காரி என்பதால் ஒரு வருஷம் பார்த்துக்கொண்டால் போதும், அப்புறம் அவளே பார்த்துக்கொள்வாள். சிவப்பும் மஞ்சளும் கலந்து வேண்டுமானால் மயில்கொன்றை. தரையை மூடப் பத்துமணிப் பூ.

அரளியும் வறட்சியையும் உப்பையும் நன்றாகத் தாங்கும். ஆனால் வேர் முதல் பூ வரை விஷம். குழந்தை வளரும்வரை வேண்டாம்.

அடீனியத்தின் பாலும் விஷம்தான். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். ஆசை விடவில்லையென்றால் மொட்டை மாடியில், குழந்தைக்கு எட்டாமல், தொட்டியில் வையுங்கள். வாங்குமுன் அடிக்கிழங்கை, அதாவது தண்டின் பருத்த அடிப்பாகத்தை, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பச்சை உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினால் உள்ளே அழுகல், எத்தனை பூ இருந்தாலும் வேண்டாம். ஒட்டுச்செடி என்றால் ஒட்டுத் தழும்பு தெரியும். அதற்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்த நிறம் மறைந்து அடிச்செடியின் பூதான் மிஞ்சும். மார்கழியில் இலை கொட்டினால் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது தூங்குகிறது.

'பராமரிப்பே வேண்டாம்' என்ற செடி எதுவும் கிடையாது. முதல் கோடையில் வாரம் இரண்டு தடவையாவது ஊற்றத்தான் வேண்டும். ஆடியில் நடுங்கள், வேர் பிடிக்க மழையே உதவும். ஆவாரை, மயில்கொன்றைக் குழிகளின் அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினால் ஈரம் நிற்கும். அடீனியத்துக்கு இந்த வேலை ஆகாது, அதற்கு ஆற்று மணலும் செங்கல் துண்டும்தான்.

இன்னொன்று, செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. செடி, தொட்டி, கல், கூலி என்று தனித்தனியாக எழுதிய பில் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகை போட்டு அதன்மேல் வரி என்றால், ஏன் என்று கேட்கலாம்.

கேள்வி: 'நீல அடீனியம்' என்று இணையத்தில் பார்த்து 20 விதை வாங்கினேன். முளைத்து, வளர்ந்து, சாதாரண ரோஸ் நிறத்தில் பூத்திருக்கிறது. விற்றவர் பதிலே சொல்வதில்லை. (குடியாத்தம் வாசகி)

பதில்: நீல அடீனியம் என்று ஒன்று இல்லையம்மா, அந்தப் படத்தில் நிறம் ஏற்றியிருக்கிறார்கள். விளம்பரப் பக்கம் இன்னும் இருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் கட்டிய ரசீதையும் பூத்த செடியின் படத்தையும் சேர்த்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். தவறான விளம்பரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். விதையில் வந்ததற்கு அடிக்கிழங்கு நன்றாகப் பருக்கும், இரண்டு மூன்று வருஷம் போனால் அதில் பிடித்த நிறத்தை ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம்.