முதல் விடுமுறைக்குக் கேஎல் வேண்டாம், அந்தமான் போங்கள்

வணக்கம் சகோதரி.

கணவருக்குச் சென்னைக்கு வேலை மாற்றம், ஷா ஆலாமிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நாமும் தமிழர்தானே, அங்கே சுலபமாக ஒட்டிக்கொள்வோமா என்று கேட்டிருந்தீர்கள். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் கேஎல், அதாவது கோலாலம்பூர், திரும்பிப் போவதா, அந்தமான் போவதா, மலேசியப் பாஸ்போர்ட்டோடு அங்கே விடுவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். நாங்கள் கிள்ளானிலிருந்து வந்தவர்கள். வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, என் பிள்ளைகள் பாதிக்கு மேல் இங்கேயே வளர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அந்தமான் போங்கள். முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போகாதீர்கள். பாட்டி கோபித்துக்கொள்வார், தெரியும். ஆனால் இங்குள்ள இன்டர்நேஷனல் பள்ளிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் தொடங்குகின்றன. டிசம்பர் வரும்போது பிள்ளைக்கு ஒரே ஒரு நண்பன் கிடைத்திருப்பான். மாலையில் அடுக்குமாடிக்குக் கீழே நடக்கும் கிரிக்கெட்டில், பந்து பொறுக்கிக்கொடுக்கும் நிலையிலிருந்து மட்டை பிடிக்கும் நிலைக்கு அப்போதுதான் வந்திருப்பான். அந்த நேரம் பார்த்துத் தாத்தா பாட்டி வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தால், ஜனவரியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். விமான நிலையத்தில் அழுவது பிள்ளைகள் மட்டுமாக இருக்காது, நீங்களும்தான் அழுவீர்கள். எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பாட்டியைப் பொங்கலுக்கு இங்கே வரச்சொல்லுங்கள். பிள்ளைகள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் பள்ளியையும் பெட்டிக்கடையையும் காட்டட்டும். அது அவர்களுக்குத் தரும் தெம்பே வேறு.

சரி, இப்போது "நாமும் தமிழர்தானே" என்ற கேள்வி. மொழி தெரிந்திருப்பது மிகப்பெரிய பலம், அதில் சந்தேகமே இல்லை. காய்கறிக்காரரோடு பேரம் பேசலாம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளுடைய படிப்பைப் பற்றி விசாரிக்கலாம், மருத்துவரிடம் வலியை வலியாகவே சொல்லலாம். என் அலுவலக வட்டத்தில் உள்ள கொரிய, ஜப்பானியக் குடும்பங்களுக்கு இதெல்லாம் கிடைக்காத வசதி. ஆனால் நாம் வாயைத் திறந்த இரண்டாவது வரியிலேயே "சிலோனா, மலேசியாவா?" என்று கேட்டுவிடுவார்கள். வருத்தப்படாதீர்கள், பெரும்பாலும் அன்போடுதான் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி "சொந்த ஊர் எது?" என்று வரும். தாத்தாவின் ஊர்ப் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கிள்ளான், ஈப்போ என்று சொன்னாலே யாராவது ஒரு சித்தப்பா அங்கே இருந்த கதை வரும்.

தாள்களுக்கு இந்த அன்பு கிடையாது. தாளில் நாம் வெளிநாட்டவர்தான். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் பதிய வேண்டும் என்பது விதி. இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு வீட்டு ஒப்பந்தம் வேண்டும். நீங்கள் தங்கியிருக்கும் விவரத்தை வீட்டுக்காரர் "படிவம் சி" என்று எல்லாரும் சொல்லும் படிவத்தின் மூலம் பதிவேற்ற வேண்டும். சில வீட்டுக்காரர்கள் இந்தப் படிவத்தின் பெயரைக் கேட்டதுமே பின்வாங்குவார்கள். எங்களுக்கே ஒரு நல்ல வீடு அப்படித்தான் கைநழுவிப் போனது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். முன்பணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்கும் இடமுண்டு. பலர் கூடுதலாகவே கேட்பார்கள். பேசிக் குறைக்கலாம், குறைத்துப் பேசுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும். கணவரின் வேலை விசாவோடு உங்களுக்குக் கிடைக்கும் சார்ந்தோர் விசாவை வைத்து நீங்கள் வேலைக்குப் போக முடியாது. அங்கே வேலையை விட்டுவிட்டு வருகிறீர்கள் என்றால், வருவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் வீட்டில் வரும் சண்டைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. இரண்டாவது, வருங்கால வைப்பு நிதி. சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாத நாட்டிலிருந்து வந்து இங்கே சம்பளம் வாங்குபவருக்கு முழுச் சம்பளத்தின் மீதும் பிடித்தம் உண்டு, அந்தப் பணத்தை 58 வயதுக்கு முன் எடுப்பது கடினம். மலேசியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. சம்பளம் பேசும்போதே கணவர் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இதற்கெல்லாம் ஒரு நல்ல மாற்று, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை. அது குடியுரிமை அல்ல, வாழ்நாள் விசா மாதிரி. கொள்ளுத்தாத்தா வரை இந்தியப் பிறப்பைக் காட்ட முடிந்தால் கேட்கலாம். கிடைத்துவிட்டால் பதிவும் வேண்டாம், வேலைக்கும் போகலாம். நம் குடும்பங்களில் பழைய தாள்கள் இருப்பதுதான் அபூர்வம். பெரியம்மா வீட்டு இரும்புப் பெட்டியில் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டோ பிறப்புப் பத்திரமோ கிடக்கிறதா என்று, மலேசியாவில் இருக்கும்போதே தேடுங்கள். இங்கிருந்து தொலைபேசியில் தேடச்சொன்னால் ஒன்றும் நடக்காது.

வீடு பார்க்கும்போது சமையலறையையும் பால்கனியையும் பார்க்கும் முன் தண்ணீரைக் கேளுங்கள். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குப் பட்ட பாடு உலகச் செய்தியானது, உங்களுக்கும் நினைவிருக்கும். இப்போது அவ்வளவு மோசமில்லை, ஆனால் மே மாதம் மே மாதம்தான். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பா, தரைக்கடியில் உள்ள தொட்டியான சம்ப்பின் கொள்ளளவு எவ்வளவு, லாரி வந்தால் அந்தத் தெருவுக்குள் திரும்ப முடியுமா, லாரித் தண்ணீருக்குப் பணம் பராமரிப்புக் கட்டணத்தில் அடக்கமா, தனியா? தரகர் "தண்ணிப் பிரச்சினையே இல்ல மேடம்" என்பார். அவரை அனுப்பிவிட்டுக் காவலாளியிடம் கேளுங்கள். எங்கள் குடியிருப்பில் விடியற்காலையில் லாரி வந்ததும் காவலாளி சம்ப்பின் இரும்பு மூடியைத் தள்ளும் சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கும். தடித்த குழாயை உள்ளே இறக்கிவிட்டு, அவர் ஒரு நீளக் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பார். நனைந்த அடையாளம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதுதான் அன்றைக்கு எங்கள் துணி துவைக்கும் திட்டம். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன். கேன் போடும் தம்பியின் நம்பரை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெலாச்சான் என்ற இறால் விழுது மட்டும் கொண்டுவாருங்கள், பாண்டான் இலைச் செடியைத் தொட்டியில் வைத்தால் இங்கே நன்றாக வரும். பிள்ளைகளுக்கு ஊர் ஏக்கம் வந்தால் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் பர்மா பஜாரில் அத்தோ வாங்கிக் கொடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது, நம் வாய்க்கு உடனே பிடித்துவிடும்.

இனி அந்தமான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களுக்கு இது அமைந்து வருகிற விதம் அருமையானது. நம் மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகள் பக்கமெல்லாம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவக்காற்றில் கடல் கொந்தளித்து விடுதிகளை மூடிவிடுவார்கள் இல்லையா? அந்தக் காலத்தில்தான் அந்தமானுக்குச் சீசன். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் போகாதீர்கள். வங்கக் கடலில் புயல் எழும் நேரம் அது. 2016 டிசம்பரில் பின்னாளில் வர்தா புயலாக மாறிய காற்றழுத்தத்தால் ஹாவ்லாக், நீல் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் நிறையப் பேர் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டிவந்தன. பள்ளி மூடியதும் ஒரு வாரம் பொறுத்துப் போங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களில் விலை ஏறும், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பெயர்கள் மாறியிருப்பதைக் கவனியுங்கள். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஹாவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் தீவு ஷஹீத் தீவு. பேச்சில் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், சீட்டிலும் பலகையிலும் புதிய பெயர் இருக்கும். சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம் அளவில். கப்பலும் உண்டு, மூன்று நாள் பிடிக்கும். பிள்ளைகளோடு வேண்டாம்.

அனுமதியைப் பொறுத்தவரை, ஹாவ்லாக், நீல் போன்ற தீவுகளுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி வாங்கும் கட்டாயத்தை 2018இல் தளர்த்தினார்கள். ஆனாலும் இறங்கியதும் பதிவு செய்ய வேண்டும், புறப்படும் முன் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது தமிழில் பேசிக்கொண்டே வந்ததால், உள்நாட்டுப் பயணிகளோடு வெளியே போகும்படி ஒரு காவலர் கைகாட்டினார். என் மகள் சிவப்புப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மலேசியாவா? எங்க அத்தை பினாங்குல இருக்காங்கம்மா" என்று தமிழில் சொல்லி, எங்களைக் கவுண்டர் வரை கூட்டிப்போய்ப் படிவத்தை எடுத்துக்கொடுத்தார். அந்த ஊரில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், முருகன் கோயிலும் உண்டு. பாஸ்போர்ட்டின் நகல் சில கையில் வைத்திருங்கள், படகுக்கும் விடுதிக்கும் கேட்பார்கள்.

நேரத்தைத்தான் நம்மால் நம்ப முடியாது. கேஎல்லில் இருட்ட ஏழு மணிக்கு மேல் ஆகும். அந்தமான் அவ்வளவு கிழக்கே இருந்தும் இந்திய நேரத்தில் ஓடுவதால், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். ஹாவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள், படகுத்துறையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். அகலமான வெள்ளை மணல், பின்னால் வானளவு மரங்கள், கரையோரம் ஒரு கட்டடம்கூடக் கண்ணில் படாது. இருட்டியதும் காவலர்கள் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். உப்புநீர் முதலைகள் உள்ள தீவுகள் இவை, எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள்.

பவளப்பாறை பார்க்க யானைக் கடற்கரைக்குப் படகில் போகலாம். நீச்சல் தெரியாத பிள்ளையையும் ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி வழிகாட்டி இழுத்துப் போவார். என் மகன் முகமூடியை மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டவன், கிளிமீன் ஒன்று பவளத்தைக் கொத்தும் சத்தம் கேட்கிறது என்று தலையைத் தூக்கவே மாட்டேன் என்றான். 2010இல் கடல் சூடேறி இங்கே பவளங்கள் நிறைய வெளுத்துப் போயின, ரெடாங் அளவுக்கு நிறம் எதிர்பார்க்காதீர்கள். பவளத் துண்டு, சிப்பி எதையும் பையில் போடவிடாதீர்கள். சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள்.

ஹாவ்லாக்கில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கடுகு அரைத்து அவர்கள் வைக்கும் மீன் குழம்பைச் சின்னக் கடையில் சாப்பிட்டுப் பாருங்கள், விடுதிச் சாப்பாடு அதன் பக்கத்தில் நிற்காது. கடைக்கார அம்மா எங்களிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பிள்ளைகள் இருவரும் ஒரே குரலில் "சென்னை" என்றார்கள். எனக்கு அந்தப் பதில் போதும், அதற்காகவே உங்களையும் அங்கே போகச் சொல்கிறேன். நம் தாத்தாக்கள் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனபோது கடந்த கடலும் இதுதான். பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டுங்கள்.

ஒன்று முக்கியம். விமானச் சீட்டு எடுத்த கையோடு ஹாவ்லாக் படகுச் சீட்டையும் எடுத்துவிடுங்கள். சீசனில் படகுதான் முதலில் நிரம்புகிறது. திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். காற்றடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.

கணவரின் அலுவலகம் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு பக்கம், பழைய மகாபலிபுரம் சாலை என்றால் வேறு பக்கம் வீடு பார்க்க வேண்டும். பிள்ளைகளின் வயதையும் சேர்த்து எழுதுங்கள், பள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.